இயற்பியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலாசிரியர்களுக்கு,

வணக்கம். காந்தவியல் பாடத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரே படத்தைப் போட்டு வருகிறீர்கள். இடப்பக்கம் தாறுமாறாகக் கிடக்கும் குட்டி அம்புகள், ஒவ்வொன்றும் ஓர் அணுவின் காந்தத் திசை. அது சாதாரண இரும்பாம். வலப்பக்கம் வரிசையாக நிற்கும் அம்புகள், அது காந்தமாம். அந்த இடப்பக்கம் தவறு.

காந்தமாகாத ஆணியிலும் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஏற்கெனவே ஒரே திசையில்தான் நிற்கின்றன. இப்படி ஒரே திசையில் நிற்கும் அணுக்கூட்டத்துக்கு டொமைன் என்று பெயர். கூட்டங்கள் வெவ்வேறு திசை பார்ப்பதால், வெளியே ஒன்றும் தெரிவதில்லை. காந்தத்தால் தேய்த்தால் கூட்டங்களுக்கு இடையிலான எல்லைகள் நகர்கின்றன. 1919-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பார்க்ஹவுசன், இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருளின் மின்துடிப்புகளைப் பெருக்கி, அந்த நகர்வின் சடசடப்பைக் காதாலேயே கேட்டார். நீங்கள் வரைந்திருக்கும் தாறுமாறு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சிய இரும்புக்கே பொருந்தும்.

அணுக்களை வரிசையில் நிறுத்துவது எது என்பதையும் விட்டுவிடுகிறீர்கள். ஒன்றையொன்று காந்தமாய் இழுத்துத் திரும்புகின்றன என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டால் நிற்காது: அந்த விசை, தனிச்சுழி வெப்பநிலைக்கு (குளிரின் கடைசி எல்லை) ஓரிரு டிகிரி மேலேயே வெப்பக் குலுக்கலிடம் தோற்றுவிடும். 1907-இல் இயற்பியலாளர் பியர் வைஸ் இரும்புக்குள் ஒரு பெரிய காந்தப்புலம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கை நேராக்கினார். அதன் மூலத்தை 1928-இல் சொன்னவர் ஹைசன்பர்க். அது காந்த விசையே அல்ல, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விலக்கம்! எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்புக்குத் தற்சுழற்சி என்று பெயர். ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களைப் பவுலியின் தவிர்ப்பு விதி நெருங்கவிடாது. விலகி நிற்பதால் விலக்க ஆற்றல் மிச்சமாகிறது. ஆனால் அப்படி நிற்க, எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்கு ஏறியாக வேண்டும். இந்த வரவு செலவில் இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றுக்கு லாபம், செம்புக்கு நட்டம்.

அதனால்தான் சேர்மானம் மாறினால் கணக்கும் மாறுகிறது. இரும்பும் நிக்கலும் உள்ள துருப்பிடிக்காத எஃகு வகைகள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. செம்பு, மாங்கனீசு, அலுமினியம் என எதுவும் தனியே ஒட்டாத மூன்றையும் சேர்த்து, 1903-இல் ஹாய்ஸ்லர் காட்டிய உலோகக் கலவையில் ஒட்டும். இப்படியொரு வியப்பை விட்டுவிட்டு, காந்தத்தின் பண்புகளை மனப்பாடம் செய்ய வைக்கிறீர்களே!

சிறுவர்களுக்குக் குவாண்டம் எதற்கு என்பீர்கள். சமன்பாடு வேண்டாம், இரண்டு பத்தி போதும். அடுத்த பதிப்பில் அந்த இடப்பக்கப் படத்தையாவது திருத்தி வரையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்