என்னைத் தள்ளிவிட்ட அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நேற்று இரவு மாலத்தீவின் மாலே மைதானத்தில் கடைசி 20 நிமிடம் ஆடினேன். கோல் இல்லை. ஒரே ஒரு வாய்ப்பு வந்தது, அதுவும் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு ஸ்ட்ரைக்கர் இதையெல்லாம் சந்தோஷமாக எழுதுவானா என்று கேட்பீர்கள். காலையில் கண் விழித்ததும் முழங்காலைத்தான் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நாலு மாடியையும் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். முழங்காலில் காயம் பட்டு, ஆபரேஷனும் ஆகி, கிளப் சம்பளமும் நின்று, இனி இவன் அவ்வளவுதான் என்று ஊரில் பேச்சு வந்த வரைக்கும் தெரியும். அதை மறுபடி கிளற விருப்பமில்லை. பெயர் பெயராக நன்றி சொல்லவும் பயமாக இருக்கிறது. யாராவது விட்டுப்போனால் அவர்கள் என்னிடம் கேட்க மாட்டார்கள், நேரே அம்மாவிடம் போய்க் கேட்பார்கள். ஆகவே எல்லோரையும் கடைசியில் மொத்தமாகக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் லீக்கிலேயே வேறு கிளப்பின் டிஃபென்டர் அவர். முப்பதைத் தாண்டியவர். பகலில் துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் பந்து. உள்ளூர்க்காரர்கள் பலருக்கும் இங்கே இப்படித்தான், பகலுக்கு ஒரு வேலை இருக்கும். நாங்கள் பயிற்சி முடித்துக் கிளம்பும்போது அவருடைய அணி உள்ளே வரும். அவர் சினிமா பார்த்துக் கற்ற இந்தி பேசுவார், நான் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். நான் சொல்லப்போகும் நாளுக்கு முன்னால் எங்களுக்குள் பெரிய பழக்கம் ஒன்றும் இல்லை.

டாக்டரும் பிசியோவும் மோதி ஆடலாம் என்று சொல்லி வாரங்கள் ஆகியிருந்தன. நானும் ஓடினேன், பாஸ் கொடுத்தேன், கோல்கூட அடித்தேன். "ஒன் டச்சில் பந்தை விடுகிறாய், முன்னைவிடப் பக்குவமாக ஆடுகிறாய்" என்று பலரும் பாராட்டினார்கள். உண்மையில் அது பக்குவம் இல்லை. ஒருவன் என் மேல் வந்து இடிப்பதற்குள் பந்தைத் தள்ளிவிட வேண்டும் என்ற பயம். ஒரு ஸ்ட்ரைக்கருக்குப் பிழைப்பே கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பதில்தான் இருக்கிறது. டிஃபென்டரின் கை முதுகில் படும்போதே அவன் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடலாம். எனக்கு அந்தக் கை படுவதே இல்லை. என் அணிப் பையன்கள் பாவம் பார்த்து ஒரு முழம் தள்ளியே நின்றார்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை உடுப்பின் மஞ்சள் ஜாக்கெட் பையிலிருந்து பாதி வெளியே தொங்கியது. "யாருமே உன்னைத் தொடுவதில்லை, கவனித்தாயா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "மேட்சில் நான் தொடுவேன். அதை இப்போதே செய்யட்டுமா?"

ஷூவை மறுபடி மாட்டினேன். டர்ஃபின் ஓரத்தில் ஒரு மூலை. அவருடைய அணிப் பையன் ஒருவன் பந்தை உருட்டிவிட, நான் முதுகைக் காட்டி வாங்க வேண்டும். முதல் சில பந்துகளுக்குக் கையை மட்டும் வைத்து அழுத்தினார். அப்புறம் தோளால் ஒரு தள்ளு. அதற்கடுத்த பந்துக்குப் பக்கவாட்டில் சறுக்கி வந்து, சுத்தமாகப் பந்தை மட்டும் எடுத்தார். ஆபரேஷன் ஆன கால் அடியில் மாட்ட, நான் விழுந்தேன்.

முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் ஒரு சத்தத்தைச் சொல்வார்கள். 'டப்' என்று உள்ளே கேட்கும். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, சட்டென்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோதான் அது கிழியும். எனக்கும் அப்படித்தான் போனது. ஆனாலும் மனசு டிஃபென்டரைப் பார்த்துத்தான் பயப்படுகிறது, என்ன செய்ய. கீழே கிடந்தபடி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் கை கொடுக்கவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, "பந்து இங்கே இருக்கிறது, வந்து எடு" என்றார்.

எடுத்தேன். அன்று இருட்டும் வரை ஆடினோம், அவருடைய பயிற்சியாளர் விசிலடித்துக் கூப்பிடும் வரை. அதன் பிறகும் பல சாயங்காலங்கள் வேலை முடிந்து சீக்கிரமே வந்து என்னைக் கீழே தள்ளினார். ஒரு நாள் இடுப்பை அசைத்து அவரை ஏமாற்றித் திரும்பிவிட்டேன். அவர்கள் மொழியான திவேஹியில் ஏதோ சொன்னார், நிச்சயம் நல்ல வார்த்தையாக இருக்காது. முடிந்ததும் டீக்கடையில் பால் இல்லாத டீயும், உள்ளே சூரை மீன் வைத்துப் பொரித்த குல்ஹாவும். காசு கொடுக்க விடமாட்டார். பதிலுக்கு, தெற்காசிய நாடுகளின் சாஃப் கால்பந்துப் போட்டியில், 2008 இறுதியில் மாலத்தீவு இந்தியாவை 1-0 என்று வென்றதையும், 2018ல் 2-1 என்று மறுபடி வென்றதையும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். கேட்டேன்.

அடுத்த சுற்றில் அவர் என்னை மார்க் செய்ய வேண்டியிருக்கும். தெரிந்தேதான் இதைச் செய்தார்.

வெளிநாட்டு லீக்கில் ஸ்ட்ரைக்கராக இருப்பது என்னவென்று ஊரில் பலர் கேட்பதுண்டு. அணியில் வெளிநாட்டவருக்கு இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. அதில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு கோல் அடிக்காமல் இருந்தால் பெஞ்சில் இருப்பவன்கூட உங்களைத்தான் பார்ப்பான். போதாததற்கு இங்கே அளவுகோல் மாலத்தீவு ஸ்ட்ரைக்கர் அலி அஷ்ஃபாக். 2013 சாஃப் போட்டியில் இலங்கைக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 6 கோல் போட்டவர். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். கால் போனால் அந்த இடமும் போகும். அப்பாவுக்கு மாலத்தீவு என்றால் ஜிபிஎஸ்ஸில் தாண்டக் கூடாத ஒரு கோடு, அவ்வளவுதான். சுறாவுக்கும் சூரைக்கும் ஆழ்கடலில் நாள்கணக்கில் கிடக்கும் குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர் அவர். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து பிழைக்கிறேன் என்று சொன்னபோது சிரித்தார். கால் போனபோதும் ஒன்றும் சொல்லவில்லை, வலை வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்தார்.

இனி மொத்தமாக. நீரோடி முதல் இரயுமன்துறை வரை எங்கள் கடற்கரையின் கால்பந்துக் கிளப் பையன்கள், திருவிழாப் போட்டியில் உண்டியல் வைத்தவர்கள், பூசையில் பெயர் சொல்லி ஜெபித்த பங்குத்தந்தை, மார்த்தாண்டத்தில் தினமும் திட்டிக்கொண்டே காலை மடக்கிவிட்ட பிசியோ அக்கா, லிஃப்ட் இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி இறக்கிய அறைத்தோழர்கள், மாலேயில் வேலை பார்க்கும் நம் ஊர் நர்ஸ் அக்காமார். டியூட்டி முடிந்து தூக்கத்தை விட்டு மரச்சீனியும் மீன்குழம்பும் கொண்டுவந்தார்கள், பாத்திரத்தைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. 2020ல் முழங்கால் காயத்தால் ஒரு சீசனையே இழந்த எங்கள் கடற்கரைக் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜைப் பார்த்து, இது வாழ்க்கையின் முடிவில்லை என்று அம்மாவுக்குப் புரியவைத்த மாமாமாருக்கும் நன்றி.

காசு வாங்காமல் என் தாள்களைப் படித்த வக்கீல் அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று ஃபிஃபா விதியில் 2018 முதல் இருக்கிறது. ஃபிஃபா தீர்ப்பாயத்தில் வீரரிடம் வழக்குச் செலவு வாங்குவதில்லை. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனி எங்கள் பக்கத்திலிருந்து யார் வெளிநாட்டுக்கு ஆடக் கிளம்பினாலும், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பட்டும். கூட உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பேன். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருமா கையில் வருமா, இரண்டையும் பார்க்காமல் விடமாட்டேன்.

பணம் பற்றிக் கடைசியாக ஒன்று. நீங்கள் திரட்டியதில் ஆபரேஷனும் மருந்தும் போக மீதி இருக்கிறது. சின்னத்துறையில் ஒரு பையனுக்கு இதே முழங்கால், இதே ஆபரேஷன். மீதியை அவன் வீட்டில் கொடுக்கும்படி பங்குத்தந்தையிடம் ஒப்படைத்துவிட்டேன். என் பெயரில் இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம், அவனுக்கு அனுப்புங்கள். அவன் மோதி ஆடலாம் என்று டாக்டர் சொல்லும்போது நான் ஊரில் இருந்தால், அவனைக் கீழே தள்ளும் வேலை என்னுடையது.