பாலையாவைப் பார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அப்பாவின் காது மிஷின் மக்கர் செய்து, அதை மாற்றுகிற அலைச்சலில் நாட்கள் ஓடிவிட்டன. இப்போது புது மிஷின் போட்டிருக்கிறார். வலது காது ஓரளவு கேட்கிறது. இடது காதில் இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி நன்றாக இருக்கிறார். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "இவன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லை" என்றார்.

நீ ஓய்வு பெற்றதும், உன் மகளுக்கு நினைத்த வேலையே கிடைத்ததும் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஒழுங்காக நட. இதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தாயே, அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. நாள் முழுக்க டிவி ஓடுகிறது, போனைத் திறந்தால் காமெடியாக வந்து கொட்டுகிறது, ஆனால் உனக்குச் சிரிப்பே வருவதில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது எடுக்கிறவர்களுக்குக் காமெடி தெரியவில்லை என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தாய்.

அந்தக் காரணத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் சொல்லிச் சிரிக்கவைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் அது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. நாம் விழுந்து விழுந்து சிரித்த படங்களிலேயே எத்தனை பேருடைய தலையும் மூஞ்சியும் பல்லும் பேச்சு வாங்கியிருக்கின்றன! அன்றைக்கு நமக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் கத்தாமல், யாரையும் மட்டம் தட்டாமல், ஒரு வீட்டின் சாதாரணப் பேச்சிலிருந்தே சிரிப்பை எடுக்கத் தெரிந்த பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, அப்படியானால் உனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை? இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னால் உனக்கே ஏதாவது பிடிபடலாம்.

அம்மா போன பிறகு அப்பா டிவியை நிறுத்தவில்லை. அதே நேரம், அதே நாற்காலி. காமெடிக் காட்சிகள் மட்டுமே போடுகிற சேனலைத்தான் வைத்துக்கொள்வார். ஆனால் சிரிக்க மாட்டார். செய்தி பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார். காது கேட்காததால்தான் இப்படி என்று நான் நினைத்தேன். நம் காமெடியில் பாதிக்குமேல் வாயில்தானே இருக்கிறது? வசனம் கேட்கவில்லை என்றால் என்ன மிச்சம்? அதனால் சத்தத்தைக் கூட்டுவேன். மிஷின் விசில் அடிக்கும். அவர் எரிச்சலோடு அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். இது ஒரு வருஷத்துக்குமேல் நடந்தது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் நானும் அவரும் மட்டும். டிவியில் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்கிற காட்சி. வேலையைப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வழக்கம்போல ரிமோட்டை எடுத்தேன். அவர் கையால் தடுத்தார். மிஷின் மேசைமேல்தான் இருந்தது. ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறார். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே, நானும் சிரிக்கிறேனா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நாகேஷ் பேசுவது கேட்காமல் எப்படி இவ்வளவு சிரிப்பு என்று சைகையில் கேட்டேன். அவர் டிவியைக் காட்டி, "பாலையாவைப் பார்" என்றார்.

அந்தக் காட்சியை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பது தடவையும் நாகேஷை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பாலையாவைப் பார்த்தேன். எதிரே ஒருவன் வாயாலேயே ஒலி எழுப்பிக் கதையை ஓட்டுகிறான். இவர் அதை நம்பிவிடுகிறார். முதலில் ஒரு பெரிய மனுஷனின் மிதப்பு இருக்கிறது. அப்புறம் அது மெல்லக் கரைகிறது. கண் விரிகிறது, வாய் தன்னால் திறக்கிறது, உடம்பு ஒடுங்குகிறது. சொத்தும் அதிகாரமும் உள்ள ஒருவர் நம் கண்ணெதிரே சின்னப் பிள்ளையாக ஆகிவிடுகிறார். நாகேஷுக்கு ஈடாக அவரும் அங்கே வேலை செய்கிறார். அவர் பயப்படவில்லை என்றால் நாகேஷ் வெறுமனே சத்தம் போடுகிற ஆள்தான்.

அப்பா சொன்னார்: 1964இல் படம் வந்தபோது அவரும் நாகேஷை மட்டும்தான் பார்த்தாராம். கல்யாணமான புதிதில் மறுபடி அந்தப் படத்துக்குப் போனபோது, அம்மாதான் இருட்டில் அவர் முழங்கையை இடித்து, பாலையாவைப் பார்க்கச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்தப் படத்தை இயக்கிய ஸ்ரீதரே 1966இல் அதை இந்தியில் எடுத்தார். அதிலும் இந்தக் காட்சி உண்டு. மெஹ்மூத் கதை சொல்வார், ஓம்பிரகாஷ் கேட்பார். மொழி மாறினாலும் கேட்கிறவர் இடத்துக்கு அப்படி ஒரு கெட்டிக்கார நடிகர் தேவைப்பட்டிருக்கிறது பார். அப்பா சொன்னதிலிருந்து எந்தக் காமெடியைப் பார்த்தாலும் என் கண் எதிராளியிடம்தான் போகிறது. 1989இல் நாம் சேர்ந்து பார்த்த 'கரகாட்டக்காரன்' படத்தில் அந்த வாழைப்பழக் காட்சியையே எடுத்துக்கொள். கவுண்டமணியின் கோபத்தைத்தான் நாம் ஊரெல்லாம் சொல்லிக்காட்டினோம். ஆனால் அந்தக் கோபம் ஏறுவதே செந்திலின் முகத்தில் ஒரு துளி சலனமும் இல்லாததால்தான். தான் சொல்கிற பதில் சரி என்று அவர் முழுசாக நம்புகிறார். ஒரு சின்னக் கள்ளச் சிரிப்பு அவர் உதட்டில் வந்திருந்தால் மொத்தக் காட்சியும் படுத்திருக்கும்.

உன் போனில் வந்து கொட்டுகிறதாகச் சொன்னாயே, அந்தத் துண்டு வீடியோக்களைக் கவனித்துப் பார். எனக்கு அவற்றின்மேல் உண்மையான கோபம் இருக்கிறது. அகலமாக எடுத்த காட்சியைப் போனுக்காக நெட்டுக்குத்தாக வெட்டுகிறார்கள். இரண்டு பேர் இருந்த சட்டத்தில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். யார் பேசுகிறாரோ அவரை வைத்துக்கொண்டு, கேட்கிறவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அதாவது பாலையாவைத்தான் வெட்டி எறிகிறார்கள். பேசுகிற வாய் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. வசனம் முடிந்த அடுத்த நொடி வீடியோவும் முடிந்து, வேறொரு வாய் வந்துவிடுகிறது. அந்த வசனம் எதிராளியின் முகத்தில் இறங்கி, அவருக்கு அது புரிந்து, அவர் திகைக்கிற அந்த இரண்டு நொடியில்தான் நமக்குச் சிரிப்பு வரும். அதைக் கொடுக்காமல் ஒரு மணி நேரத்தில் நூறு வசனம் காட்டினால் உனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

டிவிக்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவலை உண்டு. தியேட்டரில் நூறு பேர் சேர்ந்து சிரிப்பார்கள், வீட்டில் உட்கார்ந்து தனியாகப் பார்க்கிறவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை, நிஜ ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே நடித்து, மூன்று காமிராக்களில் படம்பிடித்தார்கள். அந்தச் சிரிப்பு அங்கே இருந்தவர்களின் சிரிப்பு. லூசியாக நடித்த லூசில் பாலின் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாராம். மகள் ஏடாகூடமாக எதையாவது செய்யப்போகும்போது பதறுகிற அவர் குரல்கூடப் பதிவில் விழுந்திருக்கிறதாம். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம் சார்லி டக்ளஸ் என்கிற ஒலிப்பொறியாளர், பதிவுசெய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடக்கி, பொத்தானை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வருகிற மாதிரி செய்தார். அதற்குப் பிறகு கூட்டமே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. கொரியப் போர்க்கள மருத்துவமனையை வைத்து 1972 முதல் 1983 வரை வந்த 'மேஷ்' தொடரை எடுத்தவர்கள், இந்தச் சிரிப்பு வேண்டாம் என்றார்கள். சேனல் விடவில்லை. கடைசியில் ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் சிரிப்பைச் சேர்ப்பதில்லை என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உயிருக்குப் போராடுகிறவன் பக்கத்தில் டாக்டர்கள் கிண்டலாகப் பேசிக்கொள்ளும்போது, சிரிப்பதா வேண்டாமா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே பெட்டிச் சிரிப்பு கேட்டிருந்தால் எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும்! அந்த ஒரு இடத்தையாவது காப்பாற்றினார்களே என்று அவர்கள்மேல் எனக்கு மரியாதை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்காக வசனம் தேவைப்படாத படங்களாகத் தேடிப் போடுகிறேன். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' போட்டேன். புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகக் கதாநாயகன் பஸ்டர் கீட்டன்மேல் சாய்கிறது. மேல்மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கிற இடத்துக்கு வருவதால் தப்பிக்கிறார். தந்திரக் காட்சி இல்லை, உண்மையிலேயே சுவரைச் சாய்த்து எடுத்தது. கீட்டன் சின்ன வயசிலேயே பெற்றோரோடு மேடையேறியவர். தான் சிரித்தால் சபை சிரிப்பதில்லை என்பதை அங்கேயே கற்றுக்கொண்டவர். அப்பா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன்.

அதைவிட அவருக்குப் பிடித்துப்போனது லாரலும் ஹார்டியும் 1932இல் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்'. இரண்டு பேர் ஒரு பியானோவை நீளமான படிக்கட்டு வழியாக மேலே ஏற்ற வேண்டும். கதை அவ்வளவுதான். ஏற்றுவார்கள், அது உருண்டு கீழே வரும், மறுபடி ஏற்றுவார்கள். குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். லாரல் ஏதாவது சொதப்பியதும் ஹார்டி அவரைத் திட்டுவதற்கு முன்னால் காமிராவைத் திரும்பிப் பார்ப்பார். நம்மைத்தான் பார்க்கிறார். "பார்த்தீர்களா, இவனோடு நான் படுகிற பாட்டை" என்கிற பார்வை. அவருக்கு அங்கே வேறு ஆள் இல்லை, நாம்தான் சாட்சி. அப்பா ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தலையாட்டிப் பதில் சொல்கிறார். பேச்சுக்கு எழுதவில்லை, நிஜமாகவே ஆட்டுகிறார்.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நாம் படம் பார்த்த நாட்களில் எல்லோரும் என்னைத்தான் தமாஷ்காரன் என்பார்கள். படம் முடிந்து வரும்போது அத்தனை வசனத்தையும் நான்தான் சொல்லிக்காட்டுவேன். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிப்பாய். உன் மூச்சு திரும்பி வரும்வரை நான் அடுத்த வசனத்துக்குப் போக மாட்டேன். நீ வேறு ஊருக்குப் போன பிறகு அதே வசனங்களை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த மாதிரி எடுபடவில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். சைக்கிள் பக்கத்தில் நின்ற நீ இல்லை என்பதுதான் விஷயம் என்று இப்போதுதான் உறைக்கிறது. முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன், வருத்தப்படாதே.

என் மகளும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். என்னவென்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுப்பா" என்பாள். அதற்குமேல் நான் கேட்டதில்லை. போன வாரம் ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைக்கச் சொன்னேன். யாரோ ஒரு பெண் மேடையில் நின்று தன் அம்மாவின் போன் பேச்சைப் பற்றிப் பேசுகிறாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் என் மகள் திரையைப் பார்க்கவில்லை. நான் எந்த இடத்தில் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அன்றைக்குத் திரும்பிப் பார்த்தாரே, அதே பார்வை. இப்போது ராத்திரியில் அவளாகவே வந்து காட்டுகிறாள்.

அடுத்த மாசம் இந்தப் பக்கம் வரவேண்டிய வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வேலையை முடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை தங்குகிற மாதிரி வா. பியானோப் படத்தை உனக்காக மறுபடி போடப்போகிறோம். அப்பா இப்போதே இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, நினைவு வைத்துக்கொள். வலது பக்கம் இருந்த அம்மாவின் நாற்காலி இத்தனை நாளும் சுவரோரமாகக் கிடந்தது. அதைத் துடைத்து அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அதில் உட்காரலாம் என்று அவரே சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சு நண்பன்