செயலாளரின் ஆண்டறிக்கை: ஹம்மர்பெஸ்டின் வெண்கரடி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழாவும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் வழமைபோல் நடந்தேறின. மண்டப வாடகை பற்றிய பேச்சு போன வருடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இவ்வருடம் நம் கூட்டங்களின் பெரும்பகுதியை ஒரு கரடி எடுத்துக்கொண்டது.

சங்கத்தின் புதிய பதாகையில், வடநோர்வேயில் நாம் வாழும் ஹம்மர்பெஸ்டின் நகரச் சின்னமான வெண்கரடியையும் சேர்க்கலாம் என்று நிர்வாகசபை யோசித்தது. நினைத்தவர் நினைத்தபடி அதை எடுத்துப் போட்டுவிட முடியாது. நகரசபையின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, "இந்த ஊரில் கரடியே இல்லையே, பிறகேன் கரடி?" என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்வி.

செந்நிறக் களத்தில் வெண்கரடி நடக்கும் இச்சின்னம் 1938இல் ஏற்கப்பட்டது. 1789இல் நகர உரிமை பெற்ற ஹம்மர்பெஸ்டிலிருந்து வடதுருவக் கடலுக்கு வேட்டைக் கப்பல்கள் போய்வந்தன. கரடி வாழ்ந்தது அக்கடலிலுள்ள ஸ்வால்பார்டுத் தீவுகளின் பக்கத்தில். அதன் தோலை விற்று வாழ்ந்தவர்கள் இந்தத் துறைமுகத்தில். சோழர் செப்பேட்டு முத்திரையில் புலியோடு பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் சேர்ந்திருப்பது வெற்றிப் பெருமிதம். இங்கே பொறித்திருப்பது பிழைப்பை. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

நோர்வே நகரசபைச் சின்னங்களின் மரபு கறாரானது. பொன் அல்லது வெள்ளி ஒன்று, வேறு நிறம் ஒன்று, அவ்வளவுதான். வெள்ளை, வெள்ளிக் கணக்கில் சேரும். ஆகவே வெண்கரடியை வெண்பனியில் நிறுத்த வழியில்லை. நம் வகுப்புப் பிள்ளைகள் கீறிய கரடிகளில் பாதி நீலப் பனியில் நின்றன. ஒன்றுக்குப் புலிவால் முளைத்திருந்தது. அந்தப் படத்தைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

மீன் தொழிற்சாலையில் கை விறைக்க வேலை செய்த மூத்தவர்கள் வேறு கட்சி. "எங்களுக்குச் சோறு போட்டது மீன். மீனைப் போட்டிருக்க வேண்டும்" என்றார் ஒரு ஐயா. மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. வடநோர்வேயின் இன்னொரு ஊரான வார்டோவின் நகரச் சின்னத்தில் 'இருள் கதிரவனுக்கு வழிவிடட்டும்' என்ற பொருளில் லத்தீன் வாசகம் இருப்பதைச் சொன்னதும், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப்பாராத நமக்கு அதையே இரவல் கேட்கலாமே என்றார் இன்னொருவர்.

சின்னம் ஏற்கப்பட்டு ஆறு ஆண்டுகளில், 1944இல், பின்வாங்கிய ஜெர்மன் படை மக்களை வெளியேற்றி ஊரை எரித்தது. தப்பி நின்றது 1937இல் கட்டிய இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்றுதான். திரும்பி வந்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். கரடியை மட்டும் மாற்றவில்லை. ஊரை விட்டு ஓடிவந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அனுமதி விண்ணப்பம் தயாராக இருக்கிறது. கரடியா, வெறும் சங்கப் பெயரா என்பதை இன்றைய பொதுக்கூட்டம் வாக்கெடுப்பில் தீர்மானிக்க வேண்டும். வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்