மணக்கிற மரச்சீவல் வேண்டாம், தாமரை

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்பு மகள் தாமரைக்கு,

நேற்று வீடியோ காலில் உன் கென்ய மண்ணுளிப் பாம்பைக் காட்டினாய். அம்மா பயந்து எழுந்து போய்விட்டாள். நான் பாம்பைவிட அதற்கு அடியில் கிடந்த சீவலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிடார் மரச்சீவல்ப்பா, நல்ல வாசனை" என்றாயே, ராத்திரி தூக்கமே வரவில்லை.

35 வருஷம் மரப்பட்டறையில் நின்றவன் சொல்கிறேன், கேள். மரத்தில் மணக்கிறது அதன் எண்ணெய். பீரோவில் பூச்சி அண்டாமல் இருக்க அந்த மரத்தை வைப்பதே அதற்காகத்தான். சிவப்புச் சிடார் அறுக்கிற தச்சர்களுக்கே ஆஸ்துமா வருவதுண்டு. நமக்காவது வெளியே வந்து மூச்சு வாங்கலாம். உன் பாம்பு நாள் முழுக்க அதற்குள்ளேயே புதைந்து கிடக்கிற ஜீவன். இன்றைக்கே அந்தச் சீவலை அள்ளி வெளியே கொட்டிவிடு. பைனும் பிசின் மரம்தான், வேண்டாம்.

ஆஸ்பென் மரத்துச் சீவல் வாங்கு. அந்தக் காட்டமான மணம் இருக்காது. இழைப்புளியிலிருந்து விழுகிற சுருள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், அதனால் பாம்பு போன வழி இடிந்து விழாது. 4 அங்குலமாவது போட்டு, கையால் அழுத்திப் பார்; விரலை எடுத்த பிறகும் பள்ளம் நிற்க வேண்டும். தூசி பறந்தால் சலித்துவிடு. தண்ணீர் சிந்தினால் பூஞ்சை பிடிக்கும், அந்த இடத்தை மட்டும் மாற்று. கால்சியம் மணல் என்று விற்பார்கள், தொடாதே. இரையோடு உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். எதைப் போட்டாலும் இரையைத் தட்டில் வைத்தே கொடு.

அப்புறம், அந்தக் கல். சீவலுக்கு மேலே வைத்திருக்கிறாய். அடியில் தோண்டும்போது கல் இறங்கிப் பாம்பை நசுக்கிவிடும், கண்ணு. கல்லைப் பெட்டியின் தரையில் உட்கார வைத்துவிட்டுச் சுற்றிச் சீவலைப் போடு. பெட்டிக்கு அடியில் சூடு கொடுக்கிற ஹீட் மேட்டுக்கு, சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். பாம்பு கண்ணாடித் தரைவரை இறங்கிப் படுக்கும், வயிறு வெந்துவிடும்.

இங்கே நம் ஊர் மண்ணுளியை இருதலைப் பாம்பு, அதிர்ஷ்டம் என்று சொல்லித் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். செய்தியில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். உன்னுடையது பண்ணையில் பிறந்தது என்றாய், சரி. ஆனால் காட்டில் என்றால் பிடிக்காத மண்ணை விட்டு வேறு இடம் போயிருக்கும். பெட்டிக்குள் நீ போட்டதுதான் அதற்கு மண்.

மாற்றியதும் ஒரு படம் அனுப்பு. பாம்பு கண்ணில் படாவிட்டால் ரொம்ப நல்லது.

அப்பா