சாவி அம்மாவிடம் இருக்கிறது

அன்புள்ள வள்ளி அக்கா,

உங்கள் கானாடுகாத்தான் வீட்டைப் பற்றி நீங்கள் எடுத்த ஆவணப்படத்தை நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். வளவில், அந்த நடுமுற்றத்தில், இறங்கும் வெயில், பர்மா தேக்குத் தூண்கள், எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. கோலாலம்பூரில் வளர்ந்த உங்களுக்குத் தன் ஊர் எது என்று எழுகிற தவிப்பும் எனக்குப் புரிந்தது. ஆனால் "ஆளில்லாத வீடு" என்று உங்கள் குரல் சொன்னபோது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

30 வருஷமாக அந்த வீட்டுச் சாவி அம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. விடிந்ததும் முகப்பைத் திறந்து, விளக்கேற்றி, வளவைத் துடைப்பார். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வார்ப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறிவிடும். அது மங்காமல் இருப்பது மனிதர்கள் நடந்து, துடைத்துப் புழங்குவதால்தான். நீங்கள் தரையோடு கேமராவை வைத்து எடுத்த அந்தப் பளபளப்பு அம்மா துடைத்தது, அக்கா.

அது என் வீடு என்று நான் சொல்ல முடியாது. ஆனாலும் ஊர் என்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வளவுதான்.

இன்னொன்று. ரங்கூன் ஸ்டூடியோவில் உங்கள் பாட்டையா எடுத்துக்கொண்ட படத்துக்குப் பக்கத்தில், 1968 கல்யாணப் படம் தொங்குகிறதே, அதன் இடது ஓரத்தில் தாம்பாளம் பிடித்த ஒரு கை மட்டும் தெரியும். மணிக்கட்டில் பச்சை குத்திய கோலம். அது எங்கள் அப்பத்தா. அவருக்கு வேறு படமே கிடையாது. உங்கள் கேமரா அந்தச் சுவரில் மெல்ல நகர்ந்துபோய், அந்தக் கைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

நம் கோட்டையூர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க ஒரு லட்சம் மைல் அலைந்தார். யார் யாரோ எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் வெளியிட்டார். உங்களுக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம். பின்கட்டு வரை வந்தால் போதும்.

தை மாதம் வாருங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பேசச் சம்மதித்திருக்கிறார். அந்தக் கல்யாணப் படத்தையும் இறக்கிச் சட்டத்தைக் கழற்றிப் பார்ப்போம். ஓரத்தை அட்டை மறைத்திருக்கிறது. அதற்கடியில் அப்பத்தாவின் முகம் இருக்கலாம்.

அன்புடன்,
செல்வி