மணி அடிக்க ஒரு சங்கமா என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

புத்தாண்டன்று நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் போனில் இரண்டு கேள்வி கேட்டீர்கள். முதலாவது, "மணி அடிக்கதுக்கு ஒரு சங்கமால? நான் நாப்பது வருசம் ஒத்தையிலதான அடிச்சேன்!" இரண்டாவதுக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் அடித்தது ஒரே ஒரு மணியை. இங்கே இங்கிலாந்தில், கென்ட்டில், ஒரு சர்ச் கோபுரத்தில் ஆறோ எட்டோ தொங்கும், ஆளுக்கு ஒன்று. வாய் மேலே பார்க்க நிற்கும் மணி, கயிற்றை இழுத்ததும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி அப்படியே போய் நிற்கும். பாட்டெல்லாம் கிடையாது. அடிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போக வேண்டும், அடித்த வரிசை திரும்ப வரக்கூடாது. மணிகள் ஆறு இருந்தால் 720 வரிசை. ஏழுக்கு 5040, அதற்கே சுமார் மூன்று மணி நேரம் ஆகும். எட்டுக்கு 40,320. அதையும் 1963-ல் இங்கே லஃப்பரோ என்ற ஊரில் எட்டுப் பேர் ஆள் மாற்றாமல் அடித்தார்கள், கிட்டத்தட்ட 18 மணி நேரம். தாளைப் பார்ப்பதில்லை, எல்லாம் மனப்பாடம். (சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் என்ன செய்தார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

சங்கம் எதற்கென்றால், கிராமத்தில் மணி ஆறு இருக்கும், ஆள் மூன்றுதான் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தால்தான் சத்தம் கேட்கும். எங்கள் கென்ட் சங்கம் 1880-லிருந்து இருக்கிறது. நான் சேர்ந்தது 2018-ல். முதல் உலகப் போரில் இறந்துபோன சுமார் 1,400 மணியடிப்பவர்களுக்கு ஈடாக அத்தனை பேரைப் புதிதாகச் சேர்க்க நாடு முழுக்க ஆள் தேடினார்கள். அதில் போய் மாட்டியவன் நான்.

போன வருடம் ஆண்டுக் கூட்டம் வழக்கம்போல வரவு செலவு, டீ, கேக் என்று முடிந்தது. வசந்தத்தில் நான் ஒரு கட்டையை உடைத்தேன். மணி எல்லை தாண்டாமல் தாங்கிக்கொள்ள மேலே ஒரு மரக்கட்டை உண்டு. பலமாக இழுத்துவிட்டேன். 'படார்' என்று ஒரு சத்தம், கயிறு பாம்பு மாதிரி மேலே பறக்கிறது. "கயிற்றை விடு!" என்று கத்தினார்கள். விட்டேன். விடாமல் பிடித்திருந்தால் நானும் கயிற்றோடு மேலே போயிருப்பேன்.

கோடையில் வேன் பிடித்து ஒரே நாளில் ஐந்து கோபுரம் சுற்றினோம். அப்புறம் போட்டி. நடுவர்கள் கோபுரத்துக்கு வெளியே எங்கள் முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்து, பிசகி விழும் அடிகளை மட்டும் எண்ணுவார்கள். நாங்கள் கடைசி. யாரால் என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் கேக் பெரிய துண்டாக வந்தது.

நவம்பரில் போரில் இறந்தவர்களின் நினைவு ஞாயிறு. மணி நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் உறை கட்டுவோம். ஒரு அடி கணீரென்று விழும், அடுத்தது எங்கோ பக்கத்து ஊரில் அடிப்பதுபோலக் கேட்கும். நீங்கள் சாவுமணிக்கு இடைவெளி விட்டு விட்டு அடிப்பீர்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

டிசம்பர் 31 ராத்திரியும் பழைய வருடத்துக்கு அந்த உறையோடுதான் அடித்தோம். பன்னிரண்டுக்கு முன்னால் மணிகளை நிறுத்திவிட்டு, உறைகளை அவிழ்க்க என்னை மேலே அனுப்பினார்கள். வாயில் டார்ச், குளிரில் மரத்துப்போன விரல்கள். ஐந்து உறை கழன்றது. ஆறாவதின் வார் அசையவே இல்லை, கீழே "நேரமாச்சு" என்று கூப்பிடுகிறார்கள். அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தேன்.

தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கயிறு பிடித்த ஆறு பேரில் ஒருவர்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவர் பிடித்திருந்தது அந்த ஆறாவது கயிறு. வீடியோ போன எத்தனையோ பேரில், "கடைசி மணி ஏம்ல ஒண்ணு விட்டு ஒண்ணு அமுங்கிக் கேக்கு?" என்று கேட்டது நீங்கள் மட்டும்தான் மாமா.

அன்புடன்,
உங்கள் மருமகன்