நாடி ஓடி, சூடு இறங்கினால்

ஆசிரியருக்கு,

சீழ் பிடித்த புண்ணுக்கும், இரத்தத்தில் விஷம் ஏறும் ‘செப்சிஸு’க்கும் ‘பைரோஜீனியம்’ என்ற ஹோமியோபதி உருண்டை கைகண்ட மருந்து என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைசிகிச்சை வார்டில் காலம் முழுக்கச் சர்க்கரைக் கால்களுக்குக் கட்டு மாற்றியவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்பதைக் கட்டுரையாளர் ‘இயற்கைப் பொருள்’ என்று நாசூக்காகத் தாண்டிப் போய்விட்டார். கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியைத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று வாரம் வெயிலில் அழுகவிட்டு எடுக்கும் சாறு அது. 1880-ல் லிவர்பூல் டாக்டர் டிரைஸ்டேல் தொடங்கி வைத்தார். அழுகல் நஞ்சு உடம்பில் ஏறினால் காய்ச்சல் வருகிறது, அதே அழுகலைத் துளியூண்டு கொடுத்தால் தணியும் என்பது அவர் கணக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவத்துக்கு வந்த பெண்கள் ஜன்னி கண்டு கொத்துக்கொத்தாகச் செத்த நூற்றாண்டு அது. கையைக் கழுவுங்கள் என்று 1847-லேயே வியன்னாவில் தலைபாடாக அடித்துக்கொண்ட டாக்டர் செம்மல்வைஸ் பேச்சைப் பெரிய டாக்டர்கள் காதில் வாங்கவில்லை, பாவம், அவரும் 1865-ல் புண் சீழ் பிடித்துத்தான் போனார். பென்சிலின் வருவதற்கு முன்னால் டிரைஸ்டேலிடம் வேறென்ன இருந்தது?

இன்று கடையில் தரும் 30-ம் வீரியம் என்றால், நூறில் ஒரு பங்காக 30 தடவை நீர்க்கச் செய்தது, அதாவது 1-க்குப் பின்னால் 60 சைபர் போட்டு அத்தனை பங்கில் ஒரு பங்கு. 12-ஐத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சியிருப்பதே சந்தேகம். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், உருண்டையில் சர்க்கரைதான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய ஆட்கள் கண்ணால் கண்டு எழுதிய ஒன்று அசல். பைரோஜீனியத்துக்கு உரிய குறி என்று ஹோமியோ நூல்கள் சொல்வது இதுதான்: நாடி தறிகெட்டு ஓடும், சூடு அதற்கேற்ப இருக்காது, நோயாளி படுக்கை உறுத்துகிறது என்று புரண்டுகொண்டே இருப்பார், கழிவெல்லாம் நாறும். இதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பெருவிரல் கறுத்துப்போன ஒருவர், கட்டைப் பிரித்தால் காஸ் துணியோடு தோலும் உரிந்து வருகிறது, நாற்றம் வராண்டா வரைக்கும். அவர் மனைவி சந்தோஷமாக, "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், உருண்டை கேக்குது" என்கிறார். கையைத் தொட்டால் ஜில்லென்று பிசுபிசுக்கிறது. நாடி 130-க்கு மேல். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது, இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்டால் உளறுகிறார். காய்ச்சலைக் காட்டக்கூட அந்த உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான். செப்சிஸில் காய்ச்சல் அடிக்கிறவரைவிடச் சூடு இறங்கிப் போகிறவருக்குத்தான் உயிராபத்து அதிகம்.

ஆக, எந்தக் குறியைப் பார்த்து 108-ஐக் கூப்பிட வேண்டுமோ அதே குறியைச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்து உருண்டை போடுங்கள் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. என் கோபம் இதற்குத்தான். ஷாக் ஆன, அதாவது பிரஷர் விழுந்துபோன நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அப்புறம் செத்த சதைக்கு இரத்த ஓட்டமே கிடையாது, நரம்பில் ஏற்றும் மருந்தே அங்கே போய்ச் சேராது, அதனால்தான் தியேட்டருக்குக் கொண்டுபோய் வெட்டி எடுக்கிறார்கள். நாக்கில் கரைந்த உருண்டை எந்த வழியில் போகும்?

ஹோமியோபதி டாக்டர்கள் எல்லாரையும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், சர்க்கரைக்காரர் காலில் புண் என்று வந்தாலே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்.

உலக அளவில் 2017-ல் மட்டும் செப்சிஸோடு செத்தவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியாவது அடுத்த இதழில் ஒதுக்கி, மூச்சு வாங்குவது, உளறல், கை கால் ஜில்லிடுவது, சிறுநீர் குறைவது, புண்ணைச் சுற்றித் தோல் கறுப்பது என்று அபாயக் குறிகளைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கட்டுரையாளர் பதில் எழுதினால் அதையும் போடுங்கள், படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி